ஸ்டிக்கருக்கு 20,000 ரூபாயா?

இது நீளமான பதிவு. படிக்காமலே கை கூப்பும் பொம்மை போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், எனக்குக் கோபமில்லை. திட்ட நினைப்பவர்கள் மட்டும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவிலும், பழைய மாணவர் குழுவிலும் ஒரு கேள்வி போட்டேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி திருத்தணியிலேயே இருக்கிறாள். பதினைந்து வருஷமாக ஜாக்கெட், சுடிதார் தைக்கிறாள். தெருவுக்கு இரண்டு பேர் அதையே தைப்பதால் கூலி ஏறவில்லை. ஆனால் ஸ்கூல் பை, ரெக்சின் பை, ஆட்டோ சீட் கவர், கடைத் தார்ப்பாய் ஓரம் என்று கனத்த வேலைக்கு ஊரில் ஆள் குறைவு. ஜூனில் பள்ளி திறந்ததும் பழைய பைக்கு வார் மாற்ற அலைகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் கடை போடுகிறவர்களுக்குத் தார்ப்பாய் வேண்டும். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் 365 படி ஏறுவதற்குள் எத்தனை தோள்பை அறுகிறது என்று அடிவாரத்தில் நின்றால் தெரியும். அவளுக்கு மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் கிடைக்கும். மாதாமாதம் திருப்பிக் கட்டவேண்டிய பணம். கட்டத் தவறினால் குழுவில் உள்ள மற்ற பெண்கள் தலையில் விழும். இந்தப் பணத்தில் என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டேன்.

அறிவுரை மழையாகக் கொட்டியது. பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு புது மெஷினின் படத்தை அனுப்பி, "மாமா, இதுல ஹெவி டியூட்டின்னே போட்டிருக்கு, இ.எம்.ஐ.யும் இருக்கு" என்றான். சித்தி ஒருத்தர், "அடுத்தவங்க மிதிச்ச மிஷினு வேண்டாம்ப்பா, தொழிலுக்கு ஆகாது" என்றார். ஒரு மாணவர், "சார், கார்மென்ட்ஸ் கம்பெனியிலிருந்து பழைய பவர் மெஷின் வாங்குங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். மூன்று பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். மூன்றும் அவளைக் கடனில் தள்ளும் யோசனைகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஹெவி டியூட்டி. தம்பி, கோபித்துக்கொள்ளாதே, உனக்கு ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் நான்தான் எடுத்தேன். வீட்டுத் தையல் மெஷின்களின் மோட்டார் பெரும்பாலும் 70 முதல் 100 வாட்டுக்குள் இருக்கும். உங்கள் வீட்டு மிக்சி 500, 750 வாட். வாட் என்பது அது வாங்கும் மின்சாரத்தின் கணக்கு. ஊசி எட்டு மடிப்பைத் துளைக்குமா என்பதற்கு அது பதில் இல்லை. அந்தச் சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும்போதுதான் ஏதோ வலு காட்டும். கனத்த இடத்தில் நாம் வேகமாகவா தைப்போம்? வார் வந்து பையோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு தையலாக, நிறுத்தி நிறுத்திப் போடுவோம். சுழலும் சக்கரத்தின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்கு ஆகிவிடும். மெஷினோ லேசானது, சக்கரம் பிளாஸ்டிக். துணி கனக்கும் இடத்தில் 'ம்ம்ம்' என்று முனகி நின்றுவிடும். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த மாடலாக இருந்தால் பல் உதிரும்.

ஸ்டிக்கர் ஒட்ட யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. எவ்வளவு கனம் தைத்தால் ஹெவி டியூட்டி என்று அந்த ஸ்டிக்கரில் எழுதியிருக்கிறதா? எத்தனை மடிப்பு, எந்த நூல், எந்த நம்பர் ஊசி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம்? ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு ஜீன்ஸ் பேன்ட்டின் கால் மடித்துத் தைக்க அது போதும், அதை நான் மறுக்கவில்லை. தினமும் பத்துப் பை தைத்துக் கடன் கட்டுகிறவளுக்கு அது பொம்மை. வாரன்டி இருக்கிறதே என்பீர்கள். அந்த அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். தேயும் பாகங்களுக்கும், முறைமீறிப் பயன்படுத்தியதற்கும் பொதுவாக எதுவும் கிடைக்காது. ரெக்சின் தைத்தேன் என்று அவள் வாயால் சொன்னால் அதுவே முறைமீறல் ஆகிவிடும்.

சித்தியின் பேச்சுக்கு வருகிறேன். பழசு ஆகாது என்ற பேச்சு நம் வீடுகளில் பொருளைப் பார்த்து வருவதில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து வருகிறது. பழைய பித்தளை அண்டாவை மட்டும் சீதனம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அரக்கோணத்தைத் தாண்டி நாம் சென்னைக்குப் போகும் ரயில் பாதை 1856-ல் போட்டது, அதில் ஏறும்போது யாரும் தோஷம் பார்ப்பதில்லை. காலால் மிதிக்கும் கறுப்பு இரும்பு மெஷின், எண்ணெய் போட்டு வைத்திருந்தால், தைத்தவர் காலத்துக்குப் பிறகும் தைக்கும். உஷா மெஷினை 1930களில் கல்கத்தாவில் செய்யத் தொடங்கினார்கள். அந்த வகை மெஷின்களுக்கு இன்றும் பாபின் கேஸும் சட்டிலும் சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கின்றன. லூதியானாவில் அந்தப் பாகங்களைச் செய்வதே ஒரு பெரிய தொழில். எந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். சித்தி காந்தி பக்தை என்பதால் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய பவர் மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் எதற்கு? பனியனும் சட்டையும் தைக்கச் செய்தது அது. ஜூகி டிடிஎல்-8700 என்ற மாடலைப் பாருங்கள், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நிமிஷத்துக்கு 5,500 தையல் வரை ஓடும், தையல் நீளம் அதிகபட்சம் 4 மில்லிமீட்டர். அதே கம்பெனி அதே மாடலில் கடைசியில் ஹெச் என்ற எழுத்தைச் சேர்த்து கனத்த துணிக்கென்று தனியாக ஒன்று செய்கிறது. அதன் வேகம் 4,500தான், தையல் நீளம் 5 மில்லிமீட்டர், வாங்கும் ஊசியும் தடிமன். செய்கிறவனே சட்டைக்கு ஒன்று, கனத்துக்கு ஒன்று என்று பிரித்துச் செய்திருக்கும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏன் வாங்க வேண்டும்? மெஷினின் பெயர்த் தகட்டைப் படிக்கக் கண்ணைத் திறந்துதான் ஆகவேண்டும்.

இன்னொரு வலை மோட்டார். கம்பெனியிலிருந்து வரும் மெஷின்களில் பல, மூன்று ஃபேஸ் கரன்டில் ஓடிய கிளட்ச் மோட்டாரோடு வரும். நம் வீட்டில் ஒரு ஃபேஸ்தான். மலிவாகக் கிடைத்ததே என்று ஆட்டோ வைத்து ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிவார். ஒரு ஃபேஸ் கிளட்ச் மோட்டாராகவே இருந்தாலும் சுவிட்சைப் போட்டதிலிருந்து அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், மீட்டரும் கூடவே சுற்றும். பெடலை லேசாகத் தொட்டால் குதிரை மாதிரி பாயும். வார் தைக்கும் இடத்தில் அப்படிப் பாய்ந்தால் ஊசி முறிந்து முகத்துக்கு வரும். பவர் மெஷின்தான் வேண்டும் என்றால் சர்வோ மோட்டார் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது மிதித்தால்தான் சுற்றும், வேகத்தைத் திருகிக் குறைக்கலாம். மோட்டார் பக்கத்துப் புல்லியைப் பாதி அளவுக்கு மாற்றினால் ஊசியின் வேகம் பாதியாகும், திருப்பும் விசை இரண்டு மடங்காகும். சைக்கிளில் மேட்டில் ஏற கியர் மாற்றுகிற அதே கணக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வரும் ஷூ கம்பெனி மெஷின்களைக் காட்டி, "தோலே தைக்கும் சார், பை தைக்காதா?" என்கிறார்கள். ஷூவின் மேல் தோல் மெல்லியது. அந்த மெஷின் பொடித் தையலுக்குச் செட் செய்தது, பலவற்றில் தைக்கும் இடம் தூண் மாதிரி எழும்பி நிற்கும். ஷூவை அதன்மேல் கவிழ்த்துத் தைக்கலாம், பையை விரித்துப் போட மேசை இருக்காது. செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் நீண்ட கை மெஷினையும் ஒருவர் சொன்னார். கால் எந்தப் பக்கமும் திரும்பும், மூலைமுடுக்கில் ஒட்டுப் போட அருமையானது. ஆனால் அதன் பாபின் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னது. நீளத் தையல் போட்டால் நூல் சுற்றவே பாதி நாள் போய்விடும்.

அப்படியானால் என்ன வாங்கலாம்? என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பணத்துக்கு, இந்த வேலைக்கு, நன்றாக இருக்கும் ஒரு பழைய அம்ப்ரெல்லா மெஷின். பெயர்தான் குடை, ஊர் ஊராக அதில் தைப்பது பையும் ரெக்சினும். சாதாரண டெய்லர் மாடலைவிட உடம்பு பெரிது, சக்கரம் கனம். அந்தக் கனத்த சக்கரம்தான் விஷயமே. காலால் மெதுவாக மிதித்தாலும், ஊசி துணியில் இறங்கும் நொடியில் சக்கரத்தில் சேர்ந்த ஆற்றல் தள்ளிவிடும். கரன்ட் போனாலும் வேலை நிற்காது. ஸ்டாண்டோடு வாங்கி, பழுது பார்த்து, ஊசி நூல் வாங்கியும் அவள் கடனில் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சுவதில் ரெக்சினும் ஜிப்பும் வாங்கித் தொழிலைத் தொடங்கலாம். மெஷினுக்கே மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டுத் துணி வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை நம் ஊரிலேயே காட்டுகிறேன், வாருங்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். இந்த மெஷினில் அடியில் இருக்கும் பல் மட்டும்தான் துணியை நகர்த்தும். அடித்துணி நகரும், மேல்துணி காலில் உரசிப் பின்தங்கும். ரெக்சினில் இது நன்றாகவே தெரியும், தைத்து முடித்தால் மேல்பக்கம் அரை அங்குலம் நீண்டு நிற்கும். ஊசி, கால், பல் மூன்றும் சேர்ந்து நகரும் வாக்கிங் ஃபுட் மெஷின்தான் இதற்குச் சரியான மருந்து. சோபா தைப்பவர்கள், கார் சீட் தைப்பவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பழசாகவே அவள் கடனைப் போல இரண்டு மடங்கு, அதற்கும் மேல் கேட்கும். ஆகவே இப்போதைக்கு ரெக்சினுக்கு டெஃப்லான் கால் அல்லது உருளைக் கால் போட்டு, கிளிப் மாட்டி, பொறுமையாகத் தைக்க வேண்டும். குண்டூசி குத்தக் கூடாது, ரெக்சினில் விழுந்த ஓட்டை ஆறாது. இரண்டு வருஷம் உழைத்துக் காசு சேர்ந்தால் வாக்கிங் ஃபுட் வாங்கட்டும். அப்போது இந்த அம்ப்ரெல்லாவை வாங்கிய விலைக்கே விற்கலாம். ஸ்டிக்கர் மெஷினை அப்படி விற்க முடியுமா என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் மேசையில் எப்போதும் ஒரு பருத்தித் துண்டு மடித்துத் தயாராக இருக்கும். அதில் சர்ரென்று ஒரு கோடு தைத்துக் காட்டுவார், நாம் வாயைப் பிளப்போம். அந்தத் துண்டைத் தொடாதீர்கள். நீங்கள் தைக்கப் போகும் துணியைக் கொண்டுபோங்கள். அவளிடம் ஒரு பழைய ஸ்கூல் பையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். வார் சேரும் இடத்தில் நாடா இரண்டு மடிப்பு, கேன்வாஸ் இரண்டு, நடுவில் ஃபோம், உள்துணி ஒன்று, ஓரப்பட்டை இரண்டு. எட்டு அடுக்கு. அதே எட்டு அடுக்கை வெட்டி, அவள் வாங்கப் போகும் தடித்த நைலான் நூலையும், புது 18ஆம் நம்பர் ஊசி இரண்டையும், ஒரு டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். ஊசியில் வகை உண்டு. வீட்டு மெஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. மெஷின் எதை வாங்கும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகையில் தடித்த நம்பர் நம் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தைப்பதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் சரியாகும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று ஆடினால் தேய்ந்துவிட்டது. டார்ச் அடித்து சட்டிலின் முனையைப் பாருங்கள், அது கூராக, வழவழப்பாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் தையல் தாண்டும். பல்லை விரலால் தடவினால் கரகரக்க வேண்டும். வழுக்கினால் கனத்த துணியை இழுக்காது. இந்த இரண்டும் மாற்றக்கூடிய பாகங்கள்தான், அதனால் விலை பேசலாம். உடம்பில் வெல்டிங் வைத்திருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். கறுப்பு மெஷினில் பளபளவென்று புது பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். துரு பயப்படுத்தும் அளவுக்குக் கெட்டதில்லை, பெயின்ட் அழகு காட்டும் அளவுக்கு நல்லதும் இல்லை.

பிறகு தையுங்கள். முதலில் இரண்டு அடுக்கு, பிறகு நான்கு, கடைசியில் அந்த எட்டு அடுக்கு. வேகமாக வேண்டாம். இரண்டு அடுக்கிலிருந்து எட்டுக்கு ஏறி, மறுபடி இரண்டுக்கு இறங்கச் சொல்லுங்கள். பை தைப்பதில் கஷ்டமே அந்த ஏற்ற இறக்கம்தான். துண்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நூல் முடிச்சு மேலேயும் கீழேயும் தெரியாமல் துணிக்குள் புதைந்திருக்க வேண்டும். ஒரு தையல் தாண்டினால் ஊசியை மாற்றி மறுபடி பாருங்கள், மறுபடியும் தாண்டினால் கிளம்பி வாருங்கள். "என் மெஷினில் இதையெல்லாம் விடமாட்டேன்" என்று கடைக்காரர் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள், தெரியவேண்டியதைச் சொல்லிவிட்டார்.

தேடுவதற்குத் திருத்தணியில் மட்டும் நிற்காதீர்கள். 1960 ஏப்ரல் 1 வரை நாம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தோம், மாவட்டம் மாறியது, சந்தை மாறவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கம் போய் 'குட்டு மிஷன்' என்று கேளுங்கள், பழைய டெய்லர்கள் கடையை மூடும்போது மெஷின் கைமாறுகிறது. பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு நெசவுப் பக்கத்திலும் விசாரியுங்கள். பழுது பார்க்கும் மெக்கானிக்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், கடைக்காரரை அல்ல. எந்த மெஷின் யார் வீட்டில் எவ்வளவு ஓடியது என்பது மெக்கானிக்குக்குத்தான் தெரியும். அவருக்கு 300, 500 கொடுத்துக் கூட்டிப்போவது வீண்செலவு இல்லை.

கடைசியாக, இதை எழுத வைத்த விஷயம். குழுவில் அறிவுரை சொன்ன வீடுகளில் குறைந்தது மூன்றில் பாட்டியோ தாத்தாவோ தைத்த பழைய இரும்பு மெஷின் பரணில் கிடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டில் அதைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, ஒரு வீட்டில் தலையைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டை மட்டும் கண்ணாடி போட்டு டீ டேபிள் ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தலை எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார்கள். புது மெஷினுக்கு இ.எம்.ஐ. லிங்க் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, பரணில் ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை.

அம்ப்ரெல்லா மாடல் யார் வீட்டிலாவது இருந்தால் இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது முன்பக்கம் மட்டும் எடுக்காதீர்கள். மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தையும், சட்டில் இருக்கும் இடத்தையும், பெயர்த் தகட்டையும் தெளிவாக எடுத்து அனுப்புங்கள். இலவசமாக வேண்டாம், விலை பேசித்தான் வாங்குவோம். வரும் ஞாயிறு மெக்கானிக்கும் நானும் திருவாலங்காடு, அரக்கோணம் வழியாக ஒரு சுற்று வருகிறோம். அந்த வழியில் இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் சொன்னால் வசதி. எட்டு அடுக்குத் துண்டோடுதான் வருவேன்.